இடிந்த குடிசையும் போய்விட்ட பெண்ணும்: பழைய டாங்கோ பாடல்களில் காதலும் கிராம நினைவும்

கேட்கப்பட்ட கேள்வி இது: டாங்கோ என்பது அர்ஜென்டினாவின் துறைமுகத் தலைநகரமான புவெனஸ் அயர்ஸின் இசை, மதுக்கூடமும் நடனக்கூடமும் அதன் இருப்பிடம். அப்படியிருக்க, 1920களிலிருந்து 1940கள் வரை வந்த அதன் பாடல்களில் புல்வெளியும் மண்குடிசையும் வண்டிப்பாதையும் திரும்பத் திரும்ப வருவது ஏன்? காதலியை இழந்தவன் பாடும்போது கிராமம் ஏன் இவ்வளவு அருகில் வந்து நிற்கிறது?

டாங்கோவில் வரும் கிராமத்தைப் பெரும்பாலும் நகரத்துக்காரர்களே எழுதினார்கள். தாங்கள் வாழ்ந்திராத ஒரு நிலத்தை இழந்துவிட்டதாகப் பாடுவது அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஏனென்றால், இழந்த காதலுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தை அவர்கள் தங்களுக்கு முன்பிருந்த கௌச்சோ கவிதையிலிருந்து, அதாவது புல்வெளி மாட்டுக்காரனைப் பற்றிய கவிதையிலிருந்து, எடுத்தார்கள். எடுக்கும்போது, இழப்பின் காட்சியை வைத்துக்கொண்டு அதன் காரணத்தைக் கழற்றி விட்டார்கள் என்பது இந்தப் பாடல்களைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் என்னுடைய எண்ணம். அந்தக் காரணம் எங்கே போனது என்று தேடிக்கொண்டு போனால் கேள்விக்கு விடை கிடைக்கும்.

அர்ஜென்டினாவின் பம்பா என்னும் பெரும் புல்வெளியில் மாடு மேய்த்தும் குதிரை பழக்கியும் திரிந்தவன் கௌச்சோ. 1870களுக்குப் பிறகு அந்தப் புல்வெளியைக் கம்பிவேலி துண்டுதுண்டாகப் பிரித்தது. 1857இல் புவெனஸ் அயர்ஸிலிருந்து மேற்கே 10 கிலோமீட்டர் ஓடிய இரயில்பாதை, 1914 வாக்கில் நாடு முழுவதுமாக 30,000 கிலோமீட்டரைத் தாண்டியது. வேலிக்குள்ளே அகப்பட்ட நிலம் பண்ணை முதலாளிக்குப் போனது. வேலைச்சீட்டு இல்லாமல் திரிபவனை நாடோடி என்று பிடித்து எல்லைப்புறக் காவலுக்கு அனுப்பும் சட்டம் ஏற்கெனவே இருந்தது. ஹொசே எர்னாந்தெஸ் 1872இல் வெளியிட்ட 'மர்த்தின் பியெர்ரோ' என்ற நெடுங்கவிதை இந்த அநியாயத்தைப் பற்றியது. அதன் நாயகன் எல்லைப்புறத்திலிருந்து தப்பி ஊர் திரும்பும்போது அவன் குடிசை 'தபேரா'வாகக் கிடக்கிறது. ஆள் போய்விட்டதால் கூரை சரிந்து புல் மண்டிய வீட்டுக்கு அந்த ஊர்ப் பேச்சில் தபேரா என்று பெயர். மனைவி ஏதோ ஒரு வல்லூறுடன் பறந்துவிட்டதாக அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். அவன் அவளைத் திட்டவில்லை. தன்னால் போட முடியாத சோற்றைத் தேடித்தான் போயிருப்பாள் என்கிறான். அவளுக்கு வேறு வழி என்ன இருந்தது என்று கேட்கிறான்.

வீடும் மனைவியும் ஒரே மூச்சில் போகும் இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே குற்றவாளி யார் என்பதில் ஐயமே இல்லை: அவனைப் பிடித்துக்கொண்டு போன நீதிபதியும் அவன் நிலத்தையும் மாடுகளையும் விழுங்கியவர்களும்தான். மனைவி போனது அந்தக் கொடுமையின் விளைவு. ஐம்பது ஆண்டுகள் கழித்து டாங்கோவுக்கு இந்தக் காட்சி வந்து சேரும்போது நீதிபதி அதில் இல்லை. குடிசை இருக்கிறது, வல்லூறு இருக்கிறது, பறந்துபோன பெண் இருக்கிறாள்.

இடையில் நடந்தது நகரத்தின் வீக்கம். 1869இல் இரண்டு இலட்சத்தைத் தொடாத புவெனஸ் அயர்ஸின் மக்கள்தொகை, 1914 கணக்கெடுப்பில் பதினைந்தரை இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அதில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், முக்கியமாக இத்தாலியர்களும் ஸ்பானியர்களும். வேலை போன கௌச்சோக்களும் இறைச்சிக் கொட்டில்களையும் வண்டிப்பேட்டைகளையும் நாடி நகரத்தின் விளிம்புக்கு வந்தார்கள். தெருவிளக்கு முடிந்து புல் தொடங்கும் அந்த விளிம்பில், கிட்டாரை வைத்துக்கொண்டு எதிர்ப்பாட்டுப் பாடும் 'பயதோர்' என்ற ஆசுகவிகள் இருந்தார்கள். அவர்களுள் புகழ்பெற்றவரான கபினோ எசெய்சா 1858இல் நகரத்திலேயே பிறந்த கறுப்பினத்தவர். அவர்கள் பாடிய மிலோங்கா என்ற மெட்டு டாங்கோவின் மூத்த உறவுகளில் ஒன்று. ஆகவே கிராமம் டாங்கோவுக்குப் பின்னால் ஒட்டவைத்த அலங்காரம் என்று சொல்லிவிட முடியாது. பிறக்கும்போதே அதன் மூச்சில் கொஞ்சம் புல்வாசனை இருந்தது.

டாங்கோவின் மிகப் புகழ்பெற்ற பாடகரான கார்லோஸ் கார்தெலின் குரலிலும் அதுவே நடந்தது. ஹொசே ரசானோவுடன் சேர்ந்து அவர் பெயர் பெற்றது நாட்டுப்புற மெட்டுகளைப் பாடித்தான். 1917இல், சாமுவேல் காஸ்த்ரியோத்தாவின் இசைக்குப் பாஸ்குவால் கொந்துர்சி எழுதிய 'மி நோச்சே த்ரிஸ்தே'யை (என் சோக இரவு) அவர் பாடிய பிறகுதான் கதை சொல்லும் டாங்கோ பாடல் ஒரு வகையாக நிலைபெற்றது. அந்தப் பாட்டில் கிராமம் கிடையாது. ஒரு வாடகை அறை, அலமாரியில் தொங்கும் கிட்டார், ஏற்றியும் ஒளிராத விளக்கு, போய்விட்ட பெண், அவ்வளவுதான். ஆனால் அதைப் பாடிய தொண்டை பயதோர் மரபில் பழகிய தொண்டை. கைவிடப்பட்ட ஆணின் புலம்பல் நகரத்து அறையில் தொடங்கி, அந்தத் தொண்டை வழியாகவே புல்வெளிக்குத் திரும்பிப் போனது என்று நினைக்கிறேன்.

திரும்பிப் போன பாடல்களில் மிகக் கொடியது, 1927இல் வந்த 'ஆ லா லூஸ் தெல் கந்தில்' (எண்ணெய் விளக்கின் ஒளியில்). ஹூலியோ நவரினே எழுதியது. கந்தலுடையில் ஒருவன் ரொசாரியோ நகரத்துக் காவல் நிலையத்துக்கு வந்து, உள்ளே வரலாமா என்று பணிவோடு கேட்கிறான். நான் குடிகாரனில்லை, மாடு திருடினவனில்லை, நேர்மையான கௌச்சோ, ஆனால் குற்றவாளி என்கிறான். அவன் வேற்றூர் போயிருந்தபோது அவன் பெண்ணும் நண்பனும் துரோகம் செய்தார்கள், இருவரையும் கொன்றுவிட்டான். சான்று பைக்குள் இருக்கிறது: அவளுடைய பின்னல்கள், அவனுடைய இதயம். மர்த்தின் பியெர்ரோவைத் துரத்திய அதே காவல்துறை இங்கே அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் நடுவராக மாறிவிட்டது. அந்தக் கவிதையில் மன்னிக்கப்பட்ட பெண் இந்தப் பாட்டில் வெட்டப்பட்டுப் பையில் கிடக்கிறாள். மெட்டு அழகானது என்பதால் இதைக் காதல் பாட்டாகக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அது முடிவதில்லை.

இதற்கு மூன்றாண்டுகள் முன்பு வந்த 'செந்திமியெந்தோ கௌச்சோ' (கௌச்சோவின் உள்ளம்) மென்மையானது. கனாரோ சகோதரர்களின் இசைக்கு ஹுவான் அந்திரேஸ் கருசோ எழுதிய சொற்கள். 1924இல் ஓர் இசைத்தட்டு நிறுவனம் நடத்திய போட்டியில் முதற்பரிசு பெற்றது. போட்டி நடந்த கிரான் ஸ்ப்ளெந்தித் அரங்கம் இன்று ஒரு பெரிய புத்தகக்கடை. மாடங்களில் இருந்து மக்கள் கைதட்டிய இடத்தில் இப்போது அலமாரிகள் நிற்கின்றன. பாட்டில், துறைமுகத்தருகே பசேயோ கொலோன் சாலையின் பழைய மளிகை-மதுக்கடையில், குடித்துச் சாய்ந்த ஒரு கிழிசல் மனிதனிடம் எதனால் இப்படி ஆனாய் என்று கேட்கிறார்கள். நேசித்தவள் வேறொருவனுடன் போய்விட்டாள் என்கிறான். தலைப்பைத் தவிர அவன் கௌச்சோ என்பதற்கு அங்கே பெரிய அடையாளம் இல்லை. குதிரை இல்லை, நிலம் இல்லை. வரலாற்றின் கண்ணால் பார்த்தால், நிலமில்லாத கௌச்சோ ஒருவன் துறைமுகச் சாலையில் குடித்துக் கிடப்பதற்கு ஒரு பெண்ணைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் அவனிடம் கேட்டால் அவன் சொல்லும் காரணம் அவள் ஒருத்திதான்.

பெண் நகரத்துக்குப் போய்விட்டாள் என்ற குறை இந்தப் பாடல்களின் ஓயாத பல்லவி. 1931இல் பாரிஸ் அருகே ழுவன்வில் படப்பிடிப்புத் தளத்தில் எடுக்கப்பட்ட 'லூசெஸ் தெ புவெனஸ் ஐரெஸ்' படத்தில் கார்தெல் ஒரு பண்ணை உரிமையாளர். அவர் விரும்பும் பெண் பாடகியாகத் தலைநகரம் போகிறாள். அவளைத் தேடி வந்து, மதுக்கூடத்தில் அவர் பாடும் 'தோமோ இ ஒப்லிகோ'வில் (நான் குடிக்கிறேன், நீயும் குடி) மனுவேல் ரொமேரோ எழுதிய ஓர் எண்ணம் இன்றும் என்னைத் தடுத்து நிறுத்துகிறது: புற்கள் பேசுமானால், அவளை எவ்வளவு வெறியோடு நேசித்தேன் என்பதை அந்தப் பம்பா சொல்லும். காதலுக்குச் சாட்சி மனிதர் யாரும் இல்லை, புல்தான். அந்தப் புல்லையும் அவன் விட்டுவிட்டு வந்தாயிற்று. நகரத்து மேசையில் அவனுக்காகப் பேச யாரும் இல்லை. படத்தின் முடிவில் பண்ணையிலிருந்து வந்த இரண்டு கௌச்சோக்கள், அரங்கத்தில் வைத்து அவளைச் சுருக்குக்கயிறு வீசிப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இதை நகைச்சுவையாகவே எடுத்திருக்கிறார்கள். கால்நடைக்கு வீசும் கயிறு பெண்ணுக்கு வீசப்படுகிறது என்பதை அன்றைய பார்வையாளர் கவனித்தார்களா என்று யோசிப்பதுண்டு.

அவள் ஏன் போனாள்? இந்தக் கேள்வியைக் கேட்க டாங்கோவுக்கு நெடுநாள் பிடித்தது. 1920இன் 'மிலோங்கித்தா'வில் சாமுவேல் லின்னிக், சிக்லானா தெருவின் எஸ்தெர்சித்தாவைக் காட்டுகிறார்: குட்டைப் பாவாடை, பின்னல், பின்னலில் வெயிலின் முத்தம். பின்பு அவள் நடனக்கூடத்துக்குப் போய் வேறு பெயர் பெற்றுவிடுகிறாள். பின்னலும், மலிவான பூப்போட்ட சீட்டித் துணியும் இந்தப் பாடல்களில் கிராமத்துக்கும் புறநகருக்கும் பொதுவான சின்னங்கள். பின்னலை வெட்டிக்கொண்டவளும் சீட்டியைக் கழற்றிப் பட்டு உடுத்தவளும் கைதவறிப் போனவர்கள் என்பது கேட்பவருக்குச் சொல்லாமலே விளங்கும். 1943இல் ஓமெரோ எக்ஸ்போசித்தோ 'பெர்கால்' என்று சீட்டித் துணியின் பெயரையே தலைப்பாக வைத்து எழுதியபோது, ஒரு சிறு சொல்லை உள்ளே நுழைத்தார்: ஒருவேளை நாங்கள் கேள்விப்பட்டதே தவறாக இருக்கலாம். மர்த்தின் பியெர்ரோவும் மனைவியைப் பற்றிக் கேள்விப்பட்டதைத்தான் சொன்னான். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, ஊர்ப்பேச்சின் மேல் ஒரு டாங்கோ கவிஞருக்கு ஐயம் வந்தது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

குற்றம் சாட்டாமல் இழப்பைச் சொல்ல வேண்டும் என்றால் மரஞ்செடிகளிடம் போக வேண்டும் என்பதைச் சில கவிஞர்கள் முன்பே கண்டுகொண்டிருந்தார்கள். 1929இன் 'கிளாவெல் தெல் ஐரே' (காற்றுப்பூ) உருகுவே நாட்டுக் கவிஞர் பெர்னான் சில்வா வால்தேஸ் எழுதியது. இசை ஹுவான் தெ தியோஸ் பிலிபெர்த்தோ. பாடுகிறவன் தன்னை ஒம்புமரமாகச் சொல்கிறான். ஒம்பு, பம்பாவில் தனித்து நிற்கும் பெருநிழல் மரம். வழிப்போக்கருக்கும் குதிரைக்கும் நிழல் தருவதுதான் அதன் பெருமை. காற்றுப்பூவோ வேர் மண்ணில் இல்லாமல் பிற மரத்தின் கிளையில் ஒட்டி வாழ்ந்து பூப்பது. பூவற்ற மரம் காய்ந்துகொண்டு வரும்போது ஒரு மாலையில் அவள் நிழல்தேடி வந்தாள். மரத்துக்குப் பூ வந்தது. பிறகு ஒரு வழிப்போக்கன் அந்தப் பக்கமாகக் கடந்தான். அவனோடு அவள் போய்விட்டாள். கடந்தவன் யார்? பம்பேரோ. தெற்கிலிருந்து திடீரென வீசும் பம்பாவின் குளிர்காற்றுக்கு அந்தப் பெயர்.

இதில் வல்லூறு காற்றாகிவிட்டது. காற்றைக் கொலை செய்ய முடியாது. காவல் நிலையத்துக்கும் போக வேண்டியதில்லை. ஒட்டி வாழும் பூ காற்றோடு போவது அதன் இயல்பு. நிழல் தருவது மரத்தின் இயல்பு. உரிமை கொண்டாடுவதற்கு எதுவும் இல்லாத இந்தப் பாட்டை, பெண்ணைப் பற்றிய பழிச்சொற்கள் மலிந்த அக்காலப் பாடல்களின் நடுவே கேட்கும்போது அதன் நாகரிகம் தெரிகிறது. அதே சமயம், காரணத்தை இயற்கையின் மேல் போட்டுவிட்டால் மனிதர் செய்த அநியாயமும் இயற்கையாகிவிடும் என்ற ஆபத்தும் இதில் இருக்கிறது. கம்பிவேலியைக் காற்று கொண்டு வரவில்லை.

பிலிபெர்த்தோவின் இன்னொரு புகழ்பெற்ற பாட்டு 'கமினித்தோ' (சிறு பாதை, 1926). சுற்றுலா போகிறவர்கள் அனைவரும் புவெனஸ் அயர்ஸின் லா போக்கா பகுதியில் வண்ணத்தகடு வீடுகள் கொண்ட கமினித்தோ தெருவில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தெரு, கைவிடப்பட்ட ஓர் இரயில் கிளைப்பாதை. ஓவியர் பெனித்தோ கின்கேலா மர்த்தினின் முயற்சியால் 1959இல் திறந்தவெளி அருங்காட்சியகமாகி, பாட்டின் பெயரைப் பெற்றது. ஆனால் சொற்களை எழுதிய கபினோ கொரியா பெஞலோசா மனத்தில் வைத்திருந்தது, ஆயிரம் கிலோமீட்டர் வடமேற்கே லா ரியோகா மாகாணத்தில் ஓல்த்தா என்ற சிற்றூரின் பாதை. இசையமைப்பாளருக்குத் துறைமுகத்துப் பாதை, கவிஞருக்கு மலையடிவாரப் பாதை. இரண்டும் ஒரே மெட்டில் ஓடுகின்றன. கேட்பவர் எந்தப் பாதையை நினைத்துக்கொண்டாலும் பாட்டு அதை ஏற்றுக்கொள்கிறது.

பாட்டின் கருத்து எளிது. ஒரு காலத்தில் இருவரும் சேர்ந்து நடந்த பாதை. அன்று இருபுறமும் மூவிலைப்புல்லும் கோரையும் பூத்திருந்தன. இன்று முட்செடி மூடி, தடம் அழிந்துவிட்டது. நீ சீக்கிரம் ஒரு நிழலாகிவிடுவாய், என்னைப் போலவே என்கிறான் பாதையிடம். எனக்கு மிகவும் பிடித்தது அவன் பாதையிடம் கேட்கும் உதவி: அவள் மறுபடி இந்தப் பக்கம் வந்தால், என் கண்ணீர் உன் மண்ணை நனைத்ததைச் சொல்லிவிடாதே. ரொமேரோவின் பாட்டில் புல் பேச வேண்டும் என்று விரும்புகிறான். இங்கே மண் பேசாதிருக்க வேண்டும் என்று கெஞ்சுகிறான். பாதை அழிந்தது எப்படி என்பதையும் பார்க்கலாம்: யாரும் நடக்காததால் அழிந்தது. அவள் ஒருத்தி போனதற்காக ஒரு பாதை முள் மூடுவதில்லை. ஊர் நடமாட்டமே வற்றியிருக்க வேண்டும். கவிஞர் இதைச் சொல்லவில்லை, ஆனால் சொற்களுக்கு உள்ளே அது கிடக்கிறது.

ஸ்பானிய மொழியில் 'கெரேர்' என்றால் விரும்புதல், நேசித்தல். அதிலிருந்து பிறந்த 'கெரென்சியா' என்ற சொல் கிராமத்தில் கால்நடையைப் பற்றியது: குதிரையோ மாடோ எவ்வளவு தூரம் ஓட்டிப் போனாலும் தானாகத் திரும்பி வரும் இடத்துக்கு அந்தப் பெயர். காதலும் பழகிய நிலமும் ஒரே வேர்ச்சொல்லில் இருக்கும் மொழியில் பாட்டெழுதுகிறவர், இரண்டையும் சேர்த்து இழப்பதற்குப் பெரிதாகச் சிரமப்பட வேண்டியதில்லை. பாடுகிறவர்கள் ஊரைக் குறிக்கும் 'பாகோ', வீட்டுப்பெண்ணைக் குறிக்கும் 'சீனா' போன்ற சொற்களும் இப்படியே கௌச்சோ பேச்சிலிருந்து நேராக வந்து, துறைமுகக் குறுமொழியான லுன்பார்தோவுடன் அருகருகே அமர்ந்தன.

இந்த நிலப்பற்று எந்த அளவுக்கு உண்மை என்ற கேள்வியும் எழும். நாடகத்தனம் நிறையவே இருந்தது. 1913இல் கவிஞர் லெயோபோல்தோ லுகோனெஸ் தலைநகரின் ஓர் அரங்கில் ஆற்றிய தொடர் உரைகளில் கௌச்சோவைத் தேசத்தின் வீரனாக உயர்த்தினார்; அதே லுகோனெஸ் டாங்கோவை விலைமகளிர் விடுதியில் ஊரும் பிராணி என்று இகழ்ந்தார். கௌச்சோ உண்மையில் மறைந்த பிறகுதான் மேட்டுக்குடியினருக்கு அவன் இனிக்கத் தொடங்கினான். கௌச்சோ உடையைப் போட்டுக்கொண்டால் மரியாதை கிடைக்கும் என்பதை டாங்கோவும் விரைவில் கற்றுக்கொண்டது. 1925இல் பிரான்சிஸ்கோ கனாரோவின் குழு பாரிஸுக்குப் போனபோது, உள்ளூர் இசைக்கலைஞர் சங்கத்தின் விதிப்படி வெளிநாட்டவர் தங்கள் நாட்டு உடையில் தோன்றும் காட்சிக் கலைஞர்களாக மட்டுமே வாசிக்க முடிந்தது. ஆகவே பண்டோனியன் என்ற துருத்தி இசைக்கருவியை வாசிக்கும் நகரத்துக் கலைஞர்கள் மடிப்புக் காற்சட்டையும் நீளக் காலணியும் அணிந்து மேடையேறினார்கள். கார்தெலும் அந்த உடையில் படம் எடுத்துக்கொண்டார்.

1945இல் கனாரோவும் மரியானோ மோரெஸும் இசையமைத்து இவோ பெலாய் எழுதிய 'அதியோஸ் பம்பா மீயா' (போய்வருகிறேன், என் பம்பாவே) ஒரு மேடை இசை நாடகத்துக்காகப் பிறந்தது. நாடகத்தின் பெயரே 'பாரிஸில் டாங்கோ'. பாடுகிறவன் தான் நடந்த பாதைகளிடமும் ஆறுகளிடமும் மலைப்பிளவுகளிடமும் விடைபெறுகிறான். தட்டைப் புல்வெளியான பம்பாவில் மலைப்பிளவுக்கு எங்கே போவது? பிறந்த தபேராவுக்கும் விடை சொல்கிறான். பிறந்தபோது அது வீடாகத்தானே இருந்திருக்கும். ஆனால் டாங்கோவில் கிராமத்து வீடு தொடக்கத்திலிருந்தே இடிந்துதான் இருக்கிறது. இந்தப் பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. மெட்டு விரியும் விதத்தில் உண்மையாகவே ஒரு தொடுவானம் தெரிகிறது. அது யாருடைய தொடுவானம் என்பதுதான் கேள்வி. அதே ஆண்டுகளில் மாகாணங்களிலிருந்து ஆலை வேலைக்காகத் தலைநகருக்கு வந்து இறங்கிய உண்மையான கிராமத்து மக்கள், தங்கள் ஏக்கத்தைப் பெரும்பாலும் டாங்கோவில் வைக்கவில்லை. சமமே, சம்பா போன்ற தங்கள் ஊர் மெட்டுகளையே கேட்டார்கள். அந்தோனியோ தோர்மோ என்ற நாட்டுப்புறப் பாடகரின் இசைத்தட்டுகள் அவர்களால்தான் பெருவாரியாக விற்றன.

கப்பலில் வந்தவர்களின் ஏக்கமோ வேறு வழியில் உள்ளே வந்தது. 1929இன் 'லா வியோலெத்தா'வில் நிக்கொலாஸ் ஒலிவாரி, தொமிங்கோ பொலெந்தா என்ற இத்தாலியக் குடியேறியை அழுக்கு மேசையில் முழங்கை ஊன்றி உட்கார வைக்கிறார். தன் ஊரின் பழைய பாட்டொன்றைக் குடிபோதையில் முனகுகிறான். அவனுக்குப் பம்பாவில் எந்த நினைவும் இல்லை. கடலுக்கு அப்பால் ஒரு கிராமம் இருக்கிறது. கார்தெலின் பாடலாசிரியர் அல்ப்ரெதோ லெ பெரா இன்னும் தந்திரமாகச் செயல்பட்டார். 1935இல் நியூயார்க்கில் எடுத்த படத்துக்காக அவரும் கார்தெலும் ஆக்கிய 'லெஹானா தியெர்ரா மீயா'வில் (தொலைவிலுள்ள என் மண்ணே) அந்த மண்ணுக்குப் பெயரே கிடையாது. லுன்பார்தோவும் இல்லை. ஸ்பெயினின் காலிசியாக்காரரும் கொலம்பியாக்காரரும் தத்தம் ஊரை வைத்து நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்ட வெற்றிடம் அது. அவ்வாண்டு ஜூன் 24 அன்று கொலம்பியாவின் மெதெஜீன் விமான நிலையத்தில் இருவரும் விபத்தில் இறந்தார்கள். அதன்பின் அந்தப் பாட்டைச் சாதாரணமாகக் கேட்பது யாருக்கும் எளிதாக இருந்திருக்காது.

தொடக்கத்தில் கழற்றிவிட்ட காரணத்தை மீண்டும் பாட்டுக்குள் கொண்டு வந்தவர் என்று நான் கருதுவது ஓமெரோ மன்சியை. 1907இல் வடக்கே சந்தியாகோ தெல் எஸ்தெரோ மாகாணத்தின் அஞாத்துயாவில் பிறந்து, சிறுவயதில் புவெனஸ் அயர்ஸின் தெற்கு விளிம்புக்கு வந்தவர்; அரசியலில் ஊறியவர்; 1935இல் தொடங்கிய போர்ஹா என்ற தேசிய இயக்கத்தின் நிறுவனர்களுள் ஒருவர். அவர் புல்வெளிக்குப் போய்ப் பாடவில்லை. தான் வளர்ந்த பொம்பேயா பகுதியில், புல்வெளி நகரத்துக்குள் கடைசியாக நுழையும் சேற்றுத் தெருவில் நின்று பாடினார். 1942இன் 'பர்ரியோ தெ தாங்கோ'வில் இரயில் மேட்டோரம் தூங்கும் ஒரு துண்டுப் பேட்டை, கடவுக் கதவில் ஆடும் விளக்கு, நிலவைப் பார்த்துக் குரைக்கும் நாய்கள், குளத்தில் பறையடிக்கும் தேரைகள், தொலைவில் பண்டோனியன். ஒரு டாங்கோவில் தேரையும் பண்டோனியனும் ஒரே வாக்கியத்தில் ஒலிப்பதற்கு அந்தக் குறிப்பிட்ட நிலம் வேண்டும். பிரிவை விதைத்துவிட்டுப் போவது அங்கே வல்லூறும் காற்றும் அல்ல, இரயில்.

1948இன் 'சூர்' (தெற்கு) அனிபால் திரோய்லோவின் இசையில், எத்முந்தோ ரிவேரோவின் கனத்த குரலில் வந்தது. சான் ஹுவான், பொஎதோ தெருக்கள் சந்திக்கும் பழைய முனையில் தொடங்கி, பொம்பேயாவுக்கும் அதற்கு அப்பால் வெள்ளக்காட்டுக்கும் போய், கொல்லன் பட்டறை முனையில், சேற்றிலும் பம்பாவிலும் நிற்கிறது. பம்பா என்ற சொல் இங்கே ஒரு தெருமுனையின் பெயர்போல வருவதைக் கவனிக்க வேண்டும். காட்டுச்செடியும் குதிரைமசாலும் கலந்த மணம் மறுபடி நெஞ்சை நிரப்புகிறது என்கிறான். குதிரைமசால், வண்டிக்குதிரைகளுக்குப் போடும் தீவனம்; வண்டிப்பேட்டைகள் இருந்தவரை அந்த மணம் இருந்தது. அவளுக்கு இருபது வயது. கடைக்கண்ணாடியில் சாய்ந்து அவன் காத்திருந்தான். அது இனி இல்லை. அவள் துரோகம் செய்ததாக எங்கும் இல்லை. வேறொருவனோடு போனதாகவும் இல்லை. மாறிவிட்ட பேட்டைகளின் துயரமும் இறந்துபோன கனவின் கசப்பும் ஒன்றன்பின் ஒன்றாக, சம எடையோடு சொல்லப்படுகின்றன. வீடு போனதும் காதல் போனதும் ஒரே வரலாற்றின் இரு பக்கம் என்பதை, எழுபத்தாறு ஆண்டுகளுக்கு முன் எர்னாந்தெஸ் சொன்னதற்குப் பிறகு இவ்வளவு தெளிவாகச் சொன்ன பாட்டு எனக்குத் தெரிந்து இதுதான்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் 'சூர்' என்று சொல்லமாட்டேன். அதற்கு மற்றவற்றைக் கேட்டுப் பழகியிருக்க வேண்டும். மன்சியே 1939இல் அந்தோனியோ தெ பாசியின் பழைய மெட்டொன்றுக்குப் புதிதாக எழுதிய 'மனோபிளாங்கா'விலிருந்து தொடங்கச் சொல்வேன். ஒரு வண்டிக்காரன், காதில் அருவதாக் கிளை செருகியிருக்கிறான், கண் தூக்கத்தில் சொக்குகிறது, நீலம் பூசிய வண்டியில் கையால் எழுதிய இரண்டு முதலெழுத்துகள். இரண்டு குதிரைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மேடேற்றுகிறான், பொர்தெஞித்தோ, மனோபிளாங்கா என்று. இந்தப் பாட்டில் யாரும் யாரையும் விட்டுப் போகவில்லை, எந்தக் கூரையும் சரியவில்லை. இன்னும் கொஞ்ச தூரம்தான், இழுங்கள் என்கிறான். இன்றிரவு சென்தெனேரா, தபாரே தெருக்கள் சந்திக்கும் முனையில் அவள் கண்கள் அவனுக்காகக் காத்திருக்கின்றன.